கடலுக்குள் ஒரு கம்பளிச் சட்டை

கோவளம் கலங்கரை விளக்கக் கடற்கரையில் ஒரு மணி நேரம் அலையாடிவிட்டுக் கரையேறும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க, துவர்த்தைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கிப்போய் நிற்பார்கள். மேலே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். கடல்நீரின் வெப்பமோ 28 டிகிரி இருக்கும். வீட்டுத் திண்ணையில் 28 டிகிரியில் யாராவது நடுங்குவார்களா? தண்ணீரில் மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

காரணம் எளிது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். துணியில்லாத உடம்பு நீருக்குள் அசையாமல் இருந்து தன் 37 டிகிரியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், அந்த நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரியும் உடம்புக்கு நஷ்டக் கணக்குதான். நம் கடலில் நஷ்டம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவே. எடவப்பாதி மழைக் காலத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலே கிளம்பி வரும்போது விழிஞ்ஞம் பக்கத்துக் கடல் இன்னும் சில டிகிரி குளிர்ந்துவிடும்.

இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் சிப்பி பறிப்பவர்கள். விழிஞ்ஞம், முள்ளூர் பாறைகளிலும், அதற்குத் தெற்கே இனயம், கடியபட்டணம் போன்ற குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களிலும் பாறையில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியை மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பது தலைமுறைத் தொழில். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கையில் இரும்புக் கருவி, இடுப்பில் வலைப்பை, அரையில் ஒரு துணி. உடுப்பு இவ்வளவே. குளிர் ஏறினால் கரையேற வேண்டியதுதான், வேறு வழியில்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகம் எழுந்தபோது இவர்களில் பலர் பறித்துவந்த பாறைகள் போயின, இழப்பீடு பற்றிய பேச்சுகள் நடந்தன. அது தனிக் கதை.

இங்கே சொல்ல வருவது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. கோவளத்தில் ஸ்கூபா கற்றுக்கொண்டு, அல்லது கொச்சியிலோ கோவாவிலோ பயிற்சி முடித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் இன்று கனடாவுக்கும் நார்வேக்கும் ஸ்காட்லாந்துக்கும் போகிறார்கள். சிலர் வேலைக்காகக் கடலில் இறங்குகிறார்கள், பலர் படிக்கப் போன இடத்தில் பொழுதுபோக்காக இறங்குகிறார்கள். நார்வேயின் வடகோடி மீன் ஆலை ஊர்களில் 1980களிலேயே ஈழத் தமிழர்கள் குடியேறிவிட்டார்கள். அவர்களின் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கடல்தான் சொந்தக் கடல். கனடாவில் டொரண்டோவிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் டோபர்மோரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஹூரன் ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைக் காணவே மூழ்குநர்கள் கூடுகிறார்கள். அந்த ஏரியின் ஆழத்தில், நடுக்கோடையிலும், நீர் 4 டிகிரிதான்.

அங்கே போனதும் கடைக்காரர் முதலில் காட்டுவது 'டிரை சூட்' என்ற உலர் உடுப்பு. விலையைக் கேட்டால் தலை சுற்றும். இருக்கிற பணத்தையெல்லாம் அதில் போட்டுவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ள ஊரிலிருந்து கொண்டுபோன பனியனையும் மூணாறு போனபோது வாங்கிய ஸ்வெட்டரையும் எடுப்பதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. விபரீதம் அங்கேதான் தொடங்குகிறது. டிரை சூட் என்பது குடை மாதிரி. குடை நனையாமல் காக்கும், குளிரைத் தடுக்காது. கதகதப்பைத் தருவது உள்ளே போடும் உடைதான். மேலுடுப்பைப் பழையதாக வாங்கினாலும் உள்ளுடையைப் பார்த்து வாங்கு என்று எந்தப் பிள்ளைக்கும் தயங்காமல் சொல்வேன்.

ரப்பரும் கம்பளியும்

கோவளத்து மூழ்கு பள்ளிகளில் தரப்படுவது 'வெட் சூட்'. 1952இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து இயற்பியல் அறிஞர் ஹியூ பிராட்னர் உருவாக்கியது. நியோப்ரீன் ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கும், அவைதான் குளிரைத் தடுக்கின்றன. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும், உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகும். நம் கடலுக்கு இது போதும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. குமிழ்கள் நசுங்கி உடுப்பு ஏறக்குறைய பாதியாக மெலிந்துவிடும். ஆழம் போகப் போகக் குளிரும் கூடுகிறது, உடுப்பும் மெலிகிறது என்றால் எப்படி?

டிரை சூட்டின் யோசனை இதைவிடப் பழையது. லண்டனில் அகஸ்டஸ் சீப் 1837 வாக்கில் செய்த மூடிய மூழ்கு உடுப்பு, செம்புத் தலைக்கவசத்தோடு இணைந்த, தண்ணீர் புகாத ரப்பர்க் கித்தான் உடுப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் உலகத் துறைமுகங்களிலெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். அதற்குள்ளே அந்தக் காலத்து மூழ்குநர்கள் அணிந்தது கம்பளி. கம்பளிச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, கம்பளித் தொப்பி, முழங்கால் வரை கம்பளிக் காலுறை. குளிர் அதிகமானால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று. கித்தான் நீரைத் தடுக்கும், கம்பளி காற்றைப் பிடித்துவைக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

காற்றைப் பிடித்துவைப்பதுதான் முழு ரகசியமும். துணி நம்மைச் சூடாக்குவதில்லை. துணியின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் நிறுத்துகிறது. ஆகவே உள்ளுடை வாங்கும்போது எவ்வளவு கனம் என்று பார்ப்பதைவிட எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தத்திலும் தாங்கும் என்று பார்க்க வேண்டும். இதை அளக்க 'க்ளோ' என்றொரு அளவு உண்டு, 1941இல் வகுத்தது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதமாக இருக்கும் உடையின் மதிப்பு 1 க்ளோ. நம் வேட்டி சட்டை அதில் பாதிகூட வராது. நல்ல உள்ளுடைகளின் விவரச் சீட்டில் இந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள். அச்சிடாதவர்களைக் கேட்பதில் தவறில்லை.

ஜேஜு தீவின் பெண்கள்

உள்ளுடையின் அருமையைப் புரிந்துகொள்ள, அது இல்லாமல் இறங்கியவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' எனப்படும் பெண்கள் நம் சிப்பிக்காரர்களைப் போலவே மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் கடற்பாசியும் பறிப்பவர்கள். யுனெஸ்கோ 2016இல் இவர்களின் பண்பாட்டை மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1970களின் நடுப்பகுதி வரை இவர்கள் அணிந்தது மெல்லிய பருத்தி உடை மட்டுமே. அதுவும் பனிக்காலக் கடலில்! 1960களில் சுக் கி ஹாங் என்ற கொரிய உடலியல் அறிஞரும் ஹெர்மன் ரான் என்ற அமெரிக்க அறிஞரும் இவர்களைச் சோதித்தார்கள். குளிர்காலத்தில் சிறிது நேரமே நீரில் இருப்பார்கள், உடம்பின் வெப்பம் 35 டிகிரி அளவுக்கு இறங்கும்போது கரையேறிவிடுவார்கள். கரையில் கல்லடுக்கி அமைத்த வட்டத்துக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். அவர்களின் உடம்பு குளிர்காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாக எரிபொருளை எரித்துச் சூடு உண்டாக்கியது. நடுக்கம் தொடங்குவதே மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான்.

பிறகு வெட் சூட் வந்தது. வேலை நேரம் மணிக்கணக்கில் நீண்டது, வருமானம் கூடியது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோது அந்த விசேஷத் திறன் மறைந்துபோயிருந்தது. குளிர் உடம்பைத் தொடாதபோது உடம்பு அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறது. 'போகப் போகப் பழகிவிடும்' என்று பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழகுவதற்கு ஜேஜுப் பெண்களைப் போல நாள்தோறும் நடுங்க வேண்டும். வார இறுதியில் ஒருமுறை இறங்குபவருக்கு அது நடக்காது.

பழகாதவர் குளிர்நீரில் விழுந்தால் நடப்பதை மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் மூன்று எண்களில் சொல்லிக் கொடுத்தார். ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அடுத்து ஏறத்தாழ பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகும். உயிருக்கே ஆபத்தாக உடம்பு குளிர்வதற்கு ஒரு மணி நேரம்வரை ஆகலாம். இது உறைநிலையை ஒட்டிய நீரில், காப்பு உடுப்பு இல்லாதவருக்கான கணக்கு. மூழ்குநருக்கு இதில் இரண்டாவது எண்தான் பயங்கரம். காற்றை ஏற்றவும் வெளியேற்றவும் விரல்தான் வால்வை அழுத்த வேண்டும். விரல் மரத்துப்போனவர் தன் உடுப்பையே ஆள முடியாதவர் ஆகிவிடுகிறார்.

கடல் மட்டும்தான் குளிர்நீர் என்று எண்ண வேண்டாம். 2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் பகுதியில் சென்னையைச் சேர்ந்த ஒருவர் சென்ற கார் சட்லெஜ் நதிக்குள் விழுந்தபோது, பனிக்காலத்து நதியில் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் மூழ்குநர்தான் உடலைக் கண்டெடுத்தார். நாளிதழில் நான்கு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த நீரில் ஒரு மனிதர் அரை மணி நேரம் கைவிரல் அசைய இருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று நாம் யோசிப்பதில்லை.

பருத்தி வேண்டாம்

இனி உள்ளுடைக்கு வருவோம். முதல் விதி, பருத்தி கூடாது. இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து பாலராமபுரத்தில் தறி போட்ட சாலியர்களின் கைத்தறிக்கு ஈடு இணை உண்டா? நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல வேறொன்றில்லை. வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கிறது, அதனால்தான் நமக்குப் பிடிக்கிறது. அதே குணம்தான் டிரை சூட்டுக்குள் எமனாகிறது. உடுப்பு அணிந்து படகில் காத்திருக்கும்போதே வியர்க்கும். பனியன் அதைக் குடிக்கும். நீருக்குள் இறங்கியதும் ஈரத்துணியை மார்பில் கட்டிக்கொண்ட கதைதான். ஜட்டி முதல் காலுறை வரை இந்த விதி பொருந்தும்.

உடம்பை ஒட்டி அணிவது மெல்லியதாக, வியர்வையை உறிஞ்சி வெளிப்புறம் தள்ளிவிடுவதாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன், மெரினோ கம்பளி மூன்றும் இதற்குச் சரி. பாலிபுரோப்பிலீன் ஈரத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை, ஆனால் இரண்டு நாள் அணிந்தால் நாற்றம் பொறுக்க முடியாது. மெரினோவின் விலை அதிகம். அது நாறாது, நனைந்தாலும் ஓரளவு சூட்டை விடாது, தோலில் குத்தவும் செய்யாது. நம் தாத்தாக்கள் ஊட்டியில் வாங்கிய கம்பளி குத்தும் என்பதற்காக எல்லாக் கம்பளியும் குத்தும் என்றில்லை. என் ஓட்டு மெரினோவுக்கே.

அதன்மேல் வருவதுதான் காற்றைப் பிடிக்கும் அடுக்கு. பலவும் பரப்பளவுக்கு இத்தனை கிராம் என்று எடை போட்டு விற்கப்படுகின்றன. ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் என்பது நடுத்தரம், 10 முதல் 15 டிகிரி நீருக்குப் பெரும்பாலோருக்குப் போதும். 10 டிகிரிக்குக் கீழே 400 கிராம் வகைக்குப் போகிறார்கள். 15க்கு மேலே மெல்லிய ஃப்ளீஸ் ஒன்றே போதும். இந்த எண்களை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். ஒல்லியானவர், நம் ஊரிலிருந்து போய் முதல் குளிர்காலத்தைப் பார்ப்பவர், கேமரா பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பவர் இவர்களெல்லாம் ஒரு படி கனமாக எடுக்க வேண்டும். கடும் உழைப்பு உழைப்பவர் ஒரு படி குறைக்கலாம்.

ஃப்ளீஸ் விலை மலிவு, எங்கும் கிடைக்கும், சீக்கிரம் காயும். அதன் குறை, அழுத்தினால் நசுங்கிவிடும். த்ரீ எம் நிறுவனத்தின் 'தின்சுலேட்' போன்றவை மிக நுண்ணிய இழைகளால் ஆனவை. இழை மெலியும்போது அதே கனத்துக்குள் அதிகக் காற்று நிற்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மெல்லிய மெத்தைப் பஞ்சு போலத்தான் தோன்றும், நம்பிக்கையே வராது. ஆனால் நனைந்த பிறகும் பெரும்பகுதி வேலையைச் செய்யும் என்பதால் மூழ்குநர்கள் அதை மதிக்கிறார்கள். பறவை இறகு அடைத்த கோட்டு கரையில் ராஜா, நனைந்தால் கந்தல்.

நனைந்தால் என்ன ஆகும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலர் உடுப்பு என்று பெயர்தானே தவிர, அது என்றும் உலர்ந்தே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. மணிக்கட்டை வளைக்கும்போது நரம்புகள் புடைத்து ரப்பர்ப் பட்டைக்குள் வாய்க்கால் வெட்டிவிடும், கை வழியே நீர் கசியும். கழுத்துப் பட்டை கிழியலாம், ஜிப் சரியாக மூடாமல் போகலாம். உள்ளுடையைத் தேர்ந்தெடுக்கும்போது, எல்லாம் சரியாக நடக்கும் நாளில் எது இதமாக இருக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. உடுப்புக்குள் நீர் புகுந்த நாளில் பத்து, பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்து மேலே வர எது உதவும் என்றும் கேட்க வேண்டும்.

கனத்தை நோக்கி ஓடுவதும் தவறு. ஒவ்வொரு லிட்டர் காற்றையும் தண்ணீருக்குள் அமிழ்த்த ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம் இடுப்பில் கட்ட வேண்டும். இரண்டு உருப்படி அதிகமாகப் போட்டால் ஈயமும் கூடும், முதுகும் வலிக்கும், உடுப்புக்குள் காற்று இங்கும் அங்கும் ஓடித் தலைகீழாகக் கவிழ்க்கும் அபாயமும் கூடும். ஒரே கனமான உள்ளுடையைவிட இரண்டு மெல்லியவை நல்லது. நீருக்கும் காலத்துக்கும் ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம்.

அதே நேரம், ஈயத்தைக் குறைக்க ஆசைப்பட்டு உடுப்பில் காற்றே விடாமல் இறங்குபவர்களும் உண்டு. ஆழம் போகப் போக உள்ளிருக்கும் காற்று சுருங்கும். புதுக் காற்று விடாவிட்டால் உடுப்பு உடம்பைப் பிழிந்துவிடும், உள்ளுடை அப்பளம் போலாகிவிடும். பிறகு அது எத்தனை கிராம் என்பதில் என்ன இருக்கிறது?

கால் குளிர்வது எல்லோரும் சொல்லும் குறை. அதற்கும் இந்த அழுத்தம்தான் காரணம். நிமிர்ந்து நிற்கும் மூழ்குநரின் பாதம் அவர் தோளைவிட ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. காற்று மேலே ஏறித் தோளில் நிற்கும், பாதத்தில் உடுப்பு ஒட்டிக்கொள்ளும். உடனே நம்மவர்கள் செய்வது, மூன்று காலுறைகளைத் திணித்துக்கொள்வது. காலணி இறுகும், இரத்த ஓட்டம் தடைப்படும், கால் முன்னைவிடக் குளிரும்! நெருக்கமாகப் பின்னிய ஒரு கம்பளிக் காலுறை, விரல்களை அசைக்க இடம் தரும் பெரிய காலணி, இவை இரண்டும் போதும். முதலில் காலுறையை வாங்கிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு காலணி அளவு பாருங்கள்.

இதே முறைதான் முழு உடுப்புக்கும். உள்ளுடையை முதலில் வாங்கி, அதை அணிந்துகொண்டு போய் மேலுடுப்புக்கு அளவு கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் கூச்சப்படாமல் உட்கார்ந்து எழுந்து, தலைக்குமேல் கையைத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வைத் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தொடையிலோ அக்குளிலோ பிடித்தால் அங்கே துணி நசுங்குகிறது, நாளை அங்கேதான் குளிரும். காற்று வெளியேறும் வால்வு வழக்கமாக இடது தோள்புறம் இருக்கும். உள்ளுடை அதை அடைத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சு பிரியும் மலிவு ஃப்ளீஸின் நூல்துகள் அந்த வால்வுக்குள் சிக்கினால் நீர் கசியும், காற்று சரியாக வெளியேறாமலும் போகலாம். காற்று வெளியேறாத டிரை சூட் பலூன் போல மூழ்குநரை மேலே தூக்கிக்கொண்டு போகும். இதனால்தான் டிரை சூட்டுக்கென்று தனிப் பயிற்சி எடுக்காமல் இறங்கக் கூடாது என்கிறார்கள். கோவளத்தில் வாங்கிய சான்றிதழ் அதற்குப் போதாது.

இருபத்தேழு டிகிரியும் குளிர்தான்

குளிரால் வரும் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஆழத்தில் அதிக அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்புக்குள் கரைகிறது. மேலே வரும்போது மெதுவாக, இடையிடையே நின்று, அதை வெளியேற்ற வேண்டும். வெளியேறாமல் குமிழியானால் மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். நைட்ரஜனைச் சுமந்து செல்வது இரத்த ஓட்டம். உடம்பு சூடாக இருந்தால் ஓட்டம் நன்றாக இருக்கும், குளிர்ந்தால் தோலிலும் கைகாலிலும் சுருங்கும்.

அமெரிக்கக் கடற்படையின் சோதனை மையம் ஒன்று 2007இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. சுமார் 37 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், தொட்டி நீரைச் சூடாகவும் குளிராகவும் மாற்றி மூழ்குநர்களைச் சோதித்தார்கள். மேலேறும்போது நின்ற நேரம் இரு பிரிவினருக்கும் ஒன்றே. அடியில் குளிரில் 70 நிமிடம் இருந்து, மேலேறும்போது சூடாக இருந்தவர்களில் 158 மூழ்குகளுக்கு 2 பேருக்குத்தான் நோய் கண்டது. அடியில் சூடாக வெறும் 30 நிமிடம் இருந்து, மேலேறும்போது குளிர்ந்தவர்களில் 32 மூழ்குகளுக்கு 7 பேருக்கு நோய் கண்டது! இதில் 'சூடு' என்றது 36 டிகிரி. 'குளிர்' என்றது எவ்வளவு தெரியுமா? 27 டிகிரி. அதாவது ஏறக்குறைய நம் கோவளத்துக் கடல்.

ஆகவே உள்ளுடை அடியில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமல்ல, கடைசியில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான். பேட்டரியில் இயங்கும் சூடேற்றும் பனியன்கள் இப்போது கிடைக்கின்றன. அதை நம்பி மெல்லிய உள்ளுடை போட்டவருக்கு, அடியில் சுகமாக இருந்துவிட்டு மேலேறும்போது பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன 32 பேரின் நிலைதான். பேட்டரி அணைந்தாலும் பத்திரமாக வந்துசேரப் போதுமான உள்ளுடை முதலில், சூடேற்றி பிறகு.

உடுப்புக்குள் ஆர்கான் வாயு நிரப்பினால் கதகதப்பு கூடும் என்றொரு பேச்சும் உண்டு. ஆர்கான் காற்றைவிடக் குறைவாக, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும். கணக்கு சரி. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல உள்ளுடை வாங்கினால் அதிகப் பலன். ஹீலியம் கலந்த வாயுவை மட்டும் உடுப்புக்குள் விட்டுவிடக் கூடாது. ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்திவிடும்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை அனுப்பச் சொன்னான் என்று இங்கிருந்து கம்பளி உடை வாங்கி அனுப்ப வேண்டாம். அந்தந்தக் கடலுக்கு என்ன வேண்டும் என்று அங்கே அன்றாடம் மூழ்குபவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்து, கரையோர ஆழமில்லாத நீரில் அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும்போது உடுப்பை இங்கே கொண்டுவந்தால், நம் வெயிலில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி அக்கம்பக்கத்தாரை அழைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் மயக்கம் போட்டு விழுவான்.

துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்கக் கூடாது, அது இழைகளில் படிந்து வியர்வை உறிஞ்சும் குணத்தைக் கெடுத்துவிடும். வெந்நீரும் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். நிழலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். மெரினோவாக இருந்தால் பூச்சி அரிக்கும், வேப்பிலை போட்டு வைக்கலாம். டிரங்குப் பெட்டியில் மற்ற துணிகளுக்கு அடியில் அழுத்தி மட்டும் வைக்காதீர்கள். பஞ்சு படிந்துபோனால் காற்று நிற்க இடமிருக்காது, ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.